ஊரைக் கடந்து இரண்டு இரவு

தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு நூற்பா இருக்கிறது. தலைவனும் தலைவியும் ஆறு, குளம், சோலை ஆகியவற்றில் விளையாடி, தாம் வாழும் ஊரைக் கடந்து சென்று இன்புறுதல் அவர்களுக்கு உரியது என்பது அதன் கருத்து. இது களவியலில் வரவில்லை, கற்பியலில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மறைவாகச் சந்திக்கும் காதலரைப் பற்றிய விதி அன்று இது. அடுப்பும் விருந்தும் பிள்ளையும் சுற்றமும் உள்ள ஒரு வீட்டில் இல்லறம் நடத்தும் இருவருக்காகச் சொல்லப்பட்டது. அவர்கள் சில நாள் அந்த வீட்டை விட்டு, ஊரை விட்டு, நீரும் மரமும் உள்ள இடத்துக்குப் போகலாம் என்கிறது இலக்கணம். போகலாம் என்பதுகூட என் சொல். மூலத்தில் இருப்பது 'உரிய' என்னும் சொல். சலுகையாக அல்லாமல் உரிமையாகவே அது தரப்படுகிறது.

இதை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. கணவனும் மனைவியும் பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு வார இறுதியில் மலைக்குப் போய்வரத் திட்டமிட்டால் நம்மிடையே மூன்று வகையான முணுமுணுப்புகள் எழுகின்றன. வீட்டுப் பெரியவர்கள், 'இத்தனை வயதுக்கு மேல் இதெல்லாம் எதற்கு' என்பார்கள். பண்பாட்டுக் காவலர்கள், 'மேல்நாட்டு இறக்குமதி' என்பார்கள். நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்கள், 'நுகர்வுக் கலாச்சாரத்தின் இன்னொரு பண்டம்' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். முதல் இரண்டு கூற்றுகளுக்கும் மேலே சொன்ன நூற்பாவே போதுமான மறுமொழி. பெரியவர்கள் விரும்புகிற வாழ்க்கையையும் அதே கற்பியல் சொல்கிறது: காமம் நிறைந்து முடிந்த பிற்காலத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் சேர்ந்து நல்லனவற்றில் பழகி வாழ்வதே கழிந்த வாழ்வின் பயன் என்று. ஆனால் அது பிற்காலத்துக்கு உரியது. நாற்பது வயதில் அந்த நூற்பாவைத் தம்பதியர் தலையில் ஏற்றிவைப்பது, இலக்கண நூலைப் பின்னாலிருந்து படிப்பதாகும்.

மூன்றாவது கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். பயணம் தவறன்று; நாம் அதைத் திட்டமிடும் முறை அதன் பொருளையே மாற்றிவிட்டது. அகமாக இருக்க வேண்டிய ஒன்றைப் புறமாக ஆக்கிவிட்டோம்.

ஏன் போக வேண்டும் என்பதை முதலில் பார்ப்போம். இரவுக்குறி எங்கே அமைய வேண்டும் என்று களவியல் வகுக்கிறது. வீட்டு எல்லைக்குள், ஆனால் வீட்டார் பேசும் ஒலி காதில் விழும் தொலைவில் அமைய வேண்டும். இரு படுக்கையறைகள் கொண்ட அடுக்ககத்தில் மாமனார், மாமியார், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஆகியோருடன் வாழும் இன்றைய தம்பதியருக்கு இந்த விதியை விளக்கவே வேண்டியதில்லை. அவர்கள் திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகளாக இரவுக்குறியிலேயே இருக்கிறார்கள். எப்போதும் யாருடைய குரலோ கேட்கிறது. அவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் கட்டணங்கள், தேர்வுகள், மருந்துகள், உறவினர் வீட்டு விசேஷங்கள் பற்றித்தான். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் அழைப்பு மணி அடிக்கும். இவர்கள் ஒருவரையொருவர் நேசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நேசத்துக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

நம் திரைப்படமும் இதை நன்கு அறிந்திருந்தது. 1961-ஆம் ஆண்டில் ஸ்ரீதரின் 'தேன் நிலவு' வந்தபோது காஷ்மீரின் ஏரியும் படகும் மலையும் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் காதல் கற்பனையில் நிலையாக அமர்ந்துகொண்டன. அந்தப் படத்தில் மறுமணம் செய்துகொண்டு தேனிலவுக்குப் போகும் தந்தை, மகளையும் உடன் அழைத்துச் செல்வார். இருவர் தனியே போகலாம் என்பதைத் தமிழ்க் குடும்பத்தால் நகைச்சுவையாகக்கூட முழுமையாகக் கற்பனை செய்ய முடியவில்லை. இன்றும் 'குடும்பச் சுற்றுலா' என்றால் பன்னிரண்டு பேர், ஒரு வேன், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தூக்குப் புளியோதரை. ஊர் மாறுகிறது, சமையல் செய்பவர் மாறுவதில்லை.

இனித் திட்டத்துக்கு வருவோம். கொடைக்கானலை எடுத்துக்கொள்கிறேன், நமக்குத் தெரிந்த மலை என்பதால். நகரின் நடுவில் நட்சத்திர வடிவில் இருக்கும் ஏரி இயற்கையானது அன்று. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ஆம் ஆண்டில் உருவாக்கியது. அதைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலை. இங்கே வரும் இணையரின் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறைகள், பைன் காடு, வெள்ளி நீர்வீழ்ச்சி, குணா குகை. 1991-ஆம் ஆண்டில் வந்த 'குணா' திரைப்படத்துக்குப் பிறகே அந்தக் குகைக்கு அப்பெயர் வழங்கியது. 2024-ஆம் ஆண்டில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் வந்ததும் அங்கே கூட்டம் மீண்டும் பெருகியது. காலை ஒன்பது மணிக்கு வாடகைக் காரில் ஏறினால் மாலை ஐந்துக்குள் பன்னிரண்டு இடங்களைக் காட்டிவிடுவார் ஓட்டுநர். ஒவ்வோர் இடத்திலும் வாகனம் நிறுத்த இருபது நிமிடம், பார்க்கப் பத்து நிமிடம், படம் எடுக்கப் பத்து நிமிடம். இரவில் விடுதிக்குத் திரும்பும்போது இருவருக்கும் கால்வலி. மறுநாள் காலை மலையிறக்கம்.

பொருளிலக்கணம் இந்தத் திட்டத்தை எப்படி மதிப்பிடும் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முதல், கரு, உரி என்று மூன்று பொருள்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரம், விலங்கு, பூ, நீர், தொழில் முதலியன கருப்பொருள். இருவருக்கிடையே நிகழும் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். பாடலில் இம்மூன்றும் இதே வரிசையில் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்கிறது தொல்காப்பியம். நிலத்தைவிடக் கருப்பொருள் சிறந்தது. கருப்பொருளைவிட உரிப்பொருள் சிறந்தது. நம் பயணத் திட்டம் முழுவதும் கருப்பொருள் பட்டியல். அருவி ஒன்று, பாறை ஒன்று, குகை ஒன்று. உரிப்பொருளுக்கு அதில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

ஆகவே என் முதல் யோசனை, பட்டியலைக் கிழித்துவிட்டு ஓர் ஊரைத் தேர்ந்துகொள்வது. கொடைக்கானலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் போனால் மேல்மலைக் கிராமமான மன்னவனூர். வழியில் பூம்பாறை வரும். அடுக்கடுக்கான வயல்களுக்கு நடுவே ஓட்டுவீடுகளும் குழந்தை வேலப்பர் கோயிலும் கொண்ட ஊர் அது. மன்னவனூரில் புல்மேடுகளுக்கு நடுவே அமைதியான ஓர் ஏரி. வனத்துறையின் சூழல் சுற்றுலா மையம் அங்கே பரிசல் விடுகிறது. பக்கத்தில் மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணை, 1965-ஆம் ஆண்டு முதல் இயங்குவது. பாரத் மெரினோ என்னும் கம்பளி ஆடுகள் அங்கே மேய்கின்றன. இதற்கு மேல் 'பார்க்க' அதிகமில்லை. அதுவே இந்த ஊரின் சிறப்பு. ஏரிக்கரையில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தால் எந்த இடத்தையும் தவறவிட்டதாக மனம் அரிக்காது. பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் குற்றமில்லை, இருவர் சேர்ந்து சும்மா இருப்பது வீட்டில் கிடைக்காத ஒன்று.

பொழுதையும் இலக்கணமே காட்டித்தருகிறது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது. கூதிராகிய ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலைச்சாலைகளில் மண்ணைச் சரிக்கும். புலவர்களின் தலைவன் அந்த மழையிலும் வந்தான், நம் கார்கள் வரவேண்டியதில்லை. முன்பனியின் பிற்பகுதியாகிய தை மாதமே ஏற்றது. வானம் தெளிந்திருக்கும். விடியலில் புல் நுனிகளில் உறைபனி படிவதும் உண்டு. பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் கூட்டமும் குறைவு. மே மாதச் சீசனில் போவது ஏரியைப் பார்க்க அன்று, ஏரியைப் பார்க்க வந்தவர்களைப் பார்க்க.

தூரத்தையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு வார இறுதி போதும். சென்னையிலிருந்து வருபவர் இரவு ரயிலில் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து 80 கிலோமீட்டர் மலையேறி, மேலும் 35 கிலோமீட்டர் போக வேண்டும். அவர்கள் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, ஞாயிறு ஏறிச் செவ்வாய் இறங்குவது நல்லது. இரண்டு இரவு ஒரே அறையில் தங்க வேண்டும். இடையில் விடுதி மாறக்கூடாது. இருட்டிய பின் சாலையில் நடக்கவும் கூடாது. மேல்மலையில் காட்டுமாடுகள் நம்மைவிட உரிமையோடு உலவுகின்றன.

இவையெல்லாம் எளிய பகுதி. கடினமான பகுதி வேறு. களவு ஒழுக்கத்தில் சந்திப்பைத் திட்டமிடுபவர் யார்? தலைவனும் அல்லன், தலைவியும் அல்லள், தோழி. இடம் குறிப்பவள் அவள், காவல் நோக்குபவள் அவள், தாயின் கேள்விக்கு மறுமொழி சொல்பவள் அவள். தோழி இல்லையென்றால் குறிஞ்சித்திணையில் பாதிப் பாடல்கள் இல்லை. காதல் என்பது இருவரால் மட்டும் ஆவதன்று, மூன்றாமவர் ஒருவரின் நல்லெண்ணம் அதற்கு வேண்டும் என்பதை அக்கவிஞர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்றைய தம்பதியருக்குத் தோழி யார்? பிள்ளைகளை இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஒப்பும் தங்கை. மாமனாருக்கு வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா. 'போய்விட்டு வாருங்கள், நான் இருக்கிறேன்' என்று சொல்லும் ஒரு தாய். விடுதியைப் பதிவு செய்வதற்கு முன் இந்தத் தோழியைத் தேட வேண்டும். இன்னொன்று, தேடும் வேலையைக் கணவன் செய்ய வேண்டும். நடப்பில் என்ன ஆகிறது? பயண யோசனை கணவனுடையது. பயணத்துக்கு முந்தைய இரண்டு நாள் மாவு அரைத்து, குழம்பு வைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கி, பிள்ளையின் சீருடையைத் தேய்த்து வைத்து, யார் யாருக்கு என்ன என்று தாளில் எழுதி ஒட்டுவது மனைவி. மலையேறும்போதே அவள் களைத்திருக்கிறாள். அங்கிருந்தும் மணிக்கொரு முறை வீட்டுக்குத் தொலைபேசுகிறாள். பிறகு, 'இங்கே வந்தும் உனக்கு வீட்டு நினைப்புதான்' என்று அவன் குறைப்படுகிறான். காதலுக்கான திட்டம் என்று நான் சொல்வது இந்த இரண்டு நாள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதைத்தான். ஏரியும் பரிசலும் அதற்குப் பின்.

திருமணமாகாத இணையர் பற்றியும் சொல்லியாக வேண்டும், அவர்களை விட்டுவிட்டு அகத்திணை பேசுவது நியாயமில்லை. வயதுவந்த இருவர் ஒரு விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொன்னது. ஆனாலும் அடையாள அட்டைகளில் வேறு வேறு முகவரி கண்டதும் மேலும் கீழும் பார்க்கும் வரவேற்பு மேசைகள் உண்டு. பழைய அலர் இன்று சீருடை அணிந்து மேசைக்குப் பின்னால் நிற்கிறது. ஆகவே அவர்கள் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டு போவதே நல்லது. நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் களவொழுக்கத்தைப் பாடமாக நடத்தி மதிப்பெண் போடுகிறோம். அதே மாணவர்கள் இருவர் பூங்காவில் சேர்ந்து உட்கார்ந்தால் பெற்றோரை வரவழைக்கிறோம். இந்த முரண் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் உறுத்தலாகவே இருக்கிறது.

இப்போது அகம், புறம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். அகத்திணைக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: காதலரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது. ஊர்ப்பெயர் வரலாம், மலைப்பெயர் வரலாம், அந்த இருவர் இன்னார் என்று தெரியக்கூடாது. தெரிந்த கணத்தில் பாடல் புறத்துக்குப் போய்விடும். நெடுநல்வாடையின் கதை நமக்குத் தெரியும். கூதிர்க்கால இரவு, பிரிவில் வாடும் அரசி, பாசறையில் உறங்காத அரசன் என்று அத்தனையும் அகமாக இருந்தும், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளம் என்பதால் அது புறம் என்று நச்சினார்க்கினியர் வாதிட்டார். ஒரே ஓர் அடையாளம் போதுமாயிற்று. இதை வெறும் யாப்புக் கணக்கு என்று கொள்வது சரியன்று. பிறர் பார்ப்பதற்கென்று வெளிவரும்போது காதலின் இயல்பே மாறிவிடுகிறது என்னும் அனுபவ அறிவு அந்த விதிக்குள் இருக்கிறது.

இன்றைய காதல் பயணம் பெயரும் முகமும் இடமும் நேரமும் சுட்டப்பட்ட பயணம். ஏரிக்கரையில் அவன் அவளுக்கு மலர் கொடுக்கிறான். படம் சரியாக வரவில்லை என்று திரும்ப வாங்கி மீண்டும் கொடுக்கிறான். பிறகு இருவரும் தத்தம் கைப்பேசியில் குனிந்து எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணுகிறார்கள். அந்த இரண்டு நாட்களும் வீட்டார் குரல் கேட்காத தொலைவுக்கு வந்துவிட்டு, முந்நூறு பேரின் குரலைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருக்கிறார்கள். இதனால் யாருக்கும் பெருந்தீங்கு இல்லைதான். ஆனால் தனிமைக்காக அவ்வளவு பாடுபட்டு வந்தவர்கள் அதை வந்த முதல் மணி நேரத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எடுத்த படம் இருவரோடு இருக்கட்டும். பத்து ஆண்டுகள் கழித்து அதை அவர்கள் மட்டும் பார்க்கட்டும்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது: அந்த ஊர். மேல்மலையில் இன்று தினைப்புனம் இல்லை. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதை நட்டுக் களையெடுத்து மூட்டை கட்டும் மக்களை நம் புகைப்படங்களுக்குப் பின்னணியாக, அதாவது கருப்பொருளாக, கருதும் வழக்கம் பெருகிவருகிறது. அவர்களுக்கும் வீடு உண்டு, அவர்கள் வீட்டிலும் அகம் உண்டு. வயலுக்குள் இறங்குமுன் கேட்பது, இரவில் பாட்டுப்பெட்டியை அலறவிடாமல் இருப்பது, கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கீழே கொண்டுவருவது, ஊர்க்கடையில் சாப்பிடுவது ஆகியவை விருந்தினரின் குறைந்தபட்ச ஒழுக்கம்.

மலையின் தாங்குதிறனும் எல்லையற்றது அன்று. நெரிசல் மிகுந்ததால் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்கள் செல்ல இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு கோடைக்கு, கொடைக்கானலில் வாரநாட்களில் 4000, வார இறுதியில் 6000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பு விதித்தது. பயணத்துக்கு முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. அரசுப் பேருந்தில் போவது அதைவிட நல்லது. ஜன்னலோர இருக்கையில் தோளில் தலைசாய்த்துக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறுவது காரோட்டிக்கொண்டு போகிறவனுக்குக் கிட்டாத இன்பம்.

'இதெல்லாம் காசுள்ளவர்களுக்கு' என்று ஒரு நண்பர் சொல்லக்கூடும். ஓரளவு சரி. ஆனால் நூற்பா சொன்னது ஆறு, குளம், சோலை. விடுதியும் இமயமும் அதில் இல்லை. ஊரைக் கடப்பது என்பதுதான் நிபந்தனை, எவ்வளவு தூரம் என்பது அன்று. திருச்சிக்காரர்கள் முக்கொம்புக்கும் சேலத்துக்காரர்கள் ஏற்காட்டு ஏரிக்கும் ஒரு புதன்கிழமை காலை போய் மாலை திரும்பலாம். செலவு ஒரு நாள் விடுப்பும் இரண்டு பேருந்துச் சீட்டும். தோழி மட்டும் அப்போதும் வேண்டும்.

கொடைக்கானல் மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. 2006-ஆம் ஆண்டில் பூத்தது, 2018-ஆம் ஆண்டில் பூத்தது. அடுத்து 2030-ஆம் ஆண்டில் பூக்க வேண்டும். அப்போது மலையே மனிதர்களால் நிறைந்திருக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற தை மாதத்தில் ஒரு செவ்வாய், ஒரு புதன் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, தங்கையிடம் இன்றே கேட்டுவைப்பது நல்லது.